மிளகாய் குடோனில் யாரும் தும்மாத டிரையல்

1. உள்ளே வைத்த முதல் கால்

சரக்கு நகர்த்துகிற கன்வேயர் மிஷின் வேலைக்கென்று நான் முதன்முதலாகத் தனியாகப் போன இடம் விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் குடோன். கையில் டேப்பு, தோளில் பை, வாயில் "வணக்கம் அண்ணாச்சி." ஷட்டரைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தேன். வணக்கம் மட்டும் வெளியே வந்தது, அண்ணாச்சியைத் தும்மல் கொண்டுபோய்விட்டது. ஒரு தும்மலா, இரண்டு தும்மலா? நான் யார், எதற்கு வந்தேன் என்று சொல்லவே விடவில்லை. கண்ணிலும் தண்ணீர், மூக்கிலும் தண்ணீர். தரையில் உட்கார்ந்து வத்தல் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்த சிரிப்பில் கூரைத் தகரமே அதிர்ந்தது.

"தும்மு தாயி, நல்லாத் தும்மு. இங்கன வந்து தும்மாமப் போனவுக இன்னும் பொறக்கல" என்றார் அவர்களில் மூத்தவர். அவர்தான் பேச்சியம்மா. ஆனைக்குட்டம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்களுக்கெல்லாம் அவர்தான் தலைவி. பெயருக்கு ஏற்ற வாய்.

என்னைப் பற்றி இரண்டு வரி. என் பெயர் எஸ்தர். அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ். என்னையும் நர்ஸ் ஆக்கிவிடவேண்டும் என்று அவருக்கு ஆசை. எனக்கோ ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம். அதனால் செல்வம் அண்ணனின் வெல்டிங் பட்டறையில் போன் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். அளவெடுக்கப் போகும்போது டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால் என்னைக் கூப்பிடுவார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கப் போய்த்தான் நான் தொழில் கற்றேன். எந்தக் காலேஜிலும் இல்லை. பருப்பு மில், எண்ணெய் மில், அட்டைப்பெட்டிக் கம்பெனி என்று போன இடமெல்லாம் "இது ஏன் இப்படி ஓடுது, அது ஏன் அங்க நிக்குது" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். ஒருநாள் அண்ணன் சொன்னார்: "நீ கேக்குற கேள்விக்குப் பதில் சொல்லியே எனக்குத் தொண்ட வத்திப்போச்சு. அடுத்த பார்ட்டிகிட்ட நீயே போ. அவுகளக் கேளு."

அப்படித்தான் அந்தக் குடோனுக்குப் போனேன். லோடு இறக்குகிற காசி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம ஊசி போடுற சிஸ்டரு மகள்லா இது!" அன்றிலிருந்து காசிக்கு நானும் சிஸ்டர்தான். நர்ஸ் ஆகாமலேயே அம்மா ஆசை நிறைவேறியது.

2. அண்ணாச்சிக்கு வந்த ஆர்டர்

குடோன்காரர் ராஜாமணி அண்ணாச்சி. அப்பா காலத்திலிருந்து வத்தல் வியாபாரம். அவர் முகத்தில் அன்றைக்குக் கல்யாண வீட்டுக் களை. கொச்சியிலிருந்து ஒரு ஏற்றுமதிக் கம்பெனி மாதாமாதம் வத்தல் வேண்டும் என்று கேட்டிருந்தது. வருடம் முழுக்க. அவர்களுடைய ஆள் நேரில் வந்து பார்ப்பார், பிடித்தால் ஆர்டர்.

ஆனால் ஒரு கண்டிஷன். வத்தலில் தண்ணீரே படக்கூடாது.

இது வெளியூர்க்காரர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. எங்கள் பக்கத்துக் குடோன்களில், பொறுக்குவதற்கு முந்தின நாள் சாயங்காலம் வத்தல் அம்பாரத்தின் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்துச் சாக்கைப் போட்டு மூடி வைப்பார்கள். பதம் போடுவது என்று பெயர். காலையில் வத்தல் தோல் மாதிரி வளையும், உடையாது. தூசியும் பறக்காது. கையால் அள்ளலாம், காலால் மிதித்து மூட்டையில் அடைக்கலாம். காய்ந்த வத்தல் அப்படி இல்லை. தொட்டால் நொறுங்கும், விதை கொட்டும், நெடி கிளம்பும். கொச்சிக்காரர்களுக்கோ ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும் என்று பயம். காய்ந்த வத்தலாகவே வேண்டும், முழுசாக வேண்டும், விதையும் உள்ளேயே இருக்கவேண்டும்.

"கை படாமக் கால் படாம வத்தல் தரையில இருந்து தானா மேஜைக்கு ஏறணும். அதுக்குத்தான் மிஷினு" என்றார் அண்ணாச்சி.

பேச்சியம்மா என்னைத் தனியாக அழைத்துப் போனார். சிரிப்பு போய்விட்டது. "தாயி, தீபாவளி முடிஞ்சா பட்டாசுக் கம்பெனியில கொஞ்ச காலத்துக்கு வேலை கெடையாது. அந்த மழைக்காலத்துல வத்தக் குடோனும் காலி. ஐப்பசி கார்த்திகை வந்தா நாங்க வீட்டுல ஒக்காந்து கூரையில எங்க ஒழுகுதுன்னு எண்ணிக்கிட்டு இருப்போம். இந்தக் கொச்சி ஆர்டர் கெடச்சுச்சுன்னா எங்களுக்கு வருசம் பூரா வேலை. நீ செய்யுற மிஷினு நல்லா ஓடணும். ஓடுமா?"

"ஓடும்க்கா" என்றேன். என்ன மிஷின் என்றே எனக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து வேறு பதில் சொல்ல முடியுமா?

3. சம்பந்தி வீட்டு எலிவேட்டர்

கன்வேயர் தேர்ந்தெடுப்பது பெண் பார்ப்பது மாதிரி. மாப்பிள்ளையைத் தவிர அத்தனை பேருக்கும் அபிப்பிராயம் இருக்கும். இங்கே மாப்பிள்ளை வத்தல்.

அண்ணாச்சி முன்கூட்டியே முடிவு செய்துவிட்டிருந்தார். அவருடைய சம்பந்திக்குப் பருப்பு மில் உண்டு. அங்கே பக்கெட் எலிவேட்டர் ஓடுகிறது. செங்குத்தான பெட்டிக்குள் ஒரு பெல்ட், பெல்ட்டில் வரிசையாகக் கிண்ணம். கீழே பருப்பை அள்ளும், மேலே கொண்டுபோய்க் கவிழ்க்கும்.

"பருப்பு ஏறுதுல்லா? வத்தல் ஏறாதா?"

"அண்ணாச்சி, பருப்பு தடியன். எங்க விழுந்தாலும் எந்திரிச்சுருவான். வத்தல் நோஞ்சான். கிண்ணத்துல அள்ளும்போதே பாதி செத்துரும், மேல இருந்து கவுத்தும்போது மீதி."

காசி அந்தப் பக்கமாக மூட்டை தூக்கிக்கொண்டு போனவர் நின்றார். "அண்ணாச்சி, சம்பந்தி வீட்டுச் சோறும் சம்பந்தி வீட்டு மிஷினும் நம்ம வயித்துக்கு ஒத்துக்கிடாது."

"ஏலே, நீ மூட்டையப் பாரு!"

அடுத்து ஸ்க்ரூ கன்வேயர். ஒரு குழாய்க்குள் பெரிய திருகு சுற்றும். தள்ளிக்கொண்டே போகும். மூடியிருப்பதால் தூசி வெளியே வராது என்று யாரோ அண்ணாச்சிக்கு வாட்சப்பில் வீடியோ அனுப்பியிருந்தார்கள். நான் ஒன்றுதான் சொன்னேன்: "இந்தப் பக்கம் வத்தல் போட்டா அந்தப் பக்கம் மசாலாப் பொடி வரும் அண்ணாச்சி. கொச்சிக்காரர் பொடி கேட்டா இதையே போட்டுக்கிடலாம்." பொறுக்குகிற பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. ஸ்க்ரூ போயிற்று.

மிச்சம் பெல்ட் கன்வேயர். ரப்பர் பெல்ட் மேல் வத்தல் உட்கார்ந்து போகும். யாரும் இடிக்கமாட்டார்கள், யாரும் திருகமாட்டார்கள். கீழே தரையில் கிடக்கிற வத்தலை, பெண்கள் இனிமேல் உட்கார்ந்து பொறுக்கப்போகிற புது மேஜை உயரத்துக்கு ஏற்றவேண்டும். குடோனில் நீளம் கம்மி, அதனால் சரிவு அதிகம். வழுவழுப் பெல்ட் போட்டால் சறுக்கும் என்று சொரசொரப்பான பெல்ட் எடுத்தேன். முப்பது டிகிரிச் சரிவு. செல்வம் அண்ணன் தாடையைத் தடவினார்.

"ஏறுமா எஸ்தரு?"

"டிரையல் பாத்துருவோம்ணே."

4. டிரையல்

என் வாழ்க்கையில் அப்படி ஒரு காலைப்பொழுது அதற்கு முன்னால் வந்ததில்லை. மோட்டாருக்கு மாலை, பெல்ட்டுக்குச் சந்தனம். பேச்சியம்மா கூட்டம் ஒரு பெரிய அம்பாரம் வத்தலைத் தயாராக வைத்திருந்தது. கை வைத்துப் பார்த்தேன். பட்டு மாதிரி இருந்தது. என்ன சிவப்பு, என்ன மினுமினுப்பு!

சுவிட்சைப் போட்டேன். பெல்ட் நகர்ந்தது. வத்தல் அப்படியே ஒட்டிக்கொண்டு, ஊர்வலத்தில் சப்பரம் போகிற மாதிரி நிதானமாக ஏறியது. ஒன்றுகூடச் சறுக்கவில்லை. உச்சியில் போய் மெத்தென்று விழுந்தது. கீழே குனிந்து பார்த்தேன். ஒரு விதை கிடையாது. பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணாச்சி என் தலையில் கை வைத்து, "ஏம்மா, ஒங்க அம்மாட்டச் சொல்லு, மக நர்சாகாதது நல்லதுக்குத்தான்னு" என்றார். செல்வம் அண்ணன் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக்கொடுத்தார். அவர் பஜ்ஜி வாங்கிக்கொடுப்பது தேர்தல் மாதிரி, எப்போதாவதுதான் வரும்.

அந்த ஆரவாரத்தில் ஒரு விஷயம் என் கண்ணில் படவில்லை. அவ்வளவு நேரம் அந்தக் குடோனில் நின்றோம், அவ்வளவு வத்தல் ஏறி இறங்கியது, யாரும் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

5. நிஜ வத்தல்

கொச்சிக்காரர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை அவருக்கென்றே நன்றாகக் காய்ந்த சம்பா ரக வத்தல் லோடு வந்து இறங்கியது. காலையில் பட்டறையில் இருந்தபோது அண்ணாச்சியிடமிருந்து போன்.

"ஏம்மா எஸ்தரு, மிஷினு ஓடுது. வத்தல் வரல."

"வரலைன்னா?"

"வந்து பாரு."

ஷட்டரைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டது தும்மல். உள்ளே போர்க்களம். எல்லாரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். பெல்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது. வத்தல் ஒரு முழம் ஏறுகிறது, சலசலவென்று உருண்டு திரும்பி வருகிறது. வருகிற வத்தல் ஏறுகிற வத்தலை இடிக்கிறது. அடிமுனையில் குவிந்து, ஒன்றை ஒன்று நொறுக்கி, எள்ளைக் கொட்டி வைத்த மாதிரி விதை.

அன்றைக்கு ஏறிய அதே பெல்ட். அதே சரிவு. அதே மோட்டார். தும்மலுக்கு நடுவிலே மண்டையில் மணி அடித்தது. அன்றைக்கு ஏன் யாரும் தும்மவில்லை?

திரும்பிப் பேச்சியம்மாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"யக்கா, அன்னைக்கு டிரையல் வத்தலுக்குப் பதம் போட்டீகளா?"

"கொஞ்சூண்டுதான் தாயி."

"எம்புட்டு?"

"ரெண்டு சொம்பு." பக்கத்தில் இருந்த பெண் முழங்கையால் இடித்தாள். "சரி, ரெண்டு குடம். நீ சின்னப்புள்ள, மொத மிஷினு செய்யுறே. நல்லா ஓடணுமேன்னு இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டோம். ஆத்தா பாத்துக்கிடுவா. இருந்தாலும் ஆத்தாளுக்கும் ஒரு கை ஒத்தாசை வேணும்லா? முந்தின நாள் சாயங்காலமே தெளிச்சு மூடி வச்சுட்டோம்."

இதற்குக் கோபப்படவா, கட்டிப்பிடிக்கவா? தங்கள் பிழைப்பு நிலைக்கவேண்டும் என்று தவித்த பெண்கள் கைவசம் இருந்த ஒரே வித்தையை எனக்காகச் செய்திருக்கிறார்கள். வத்தலை எப்படிப் பத்திரமாகக் கையாளுவது என்று தலைமுறையாகத் தெரிந்ததைச் செய்திருக்கிறார்கள். ஈர வத்தல் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டு ஏறிவிட்டது. நானும் அதை நம்பி முப்பது டிகிரியில் போல்ட்டை முறுக்கிவிட்டேன்.

அண்ணாச்சிதான் கொதித்தார். "வெந்த சோத்தப் போட்டு அடுப்பச் சோதிச்ச கதையால்ல இருக்கு! நாளை விட்டு மறுநாள் அந்தாளு வர்றான். நான் என்னத்தக் காட்ட? வராதீகன்னு போன் போட்டுச் சொல்லிரவா?"

"சொல்லாதீக அண்ணாச்சி" என்று என் வாய் சொன்னது. மூளை இன்னும் வந்து சேரவில்லை.

6. காசி கேட்ட சந்தேகம்

செல்வம் அண்ணன் வந்தார். பார்த்த உடனே "கிளீட் ஒட்டிருவோம்" என்றார். கிளீட் என்றால் பெல்ட்டுக்குக் குறுக்கே படிக்கட்டு மாதிரி ஒட்டுகிற பட்டை. படி இருந்தால் வத்தல் சறுக்காது. மளமளவென்று ஒட்டினோம். ஓட்டினோம். வத்தல் ஏறியது! பெண்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டார்கள். ஒவ்வொரு பட்டையும் வத்தல் கொட்டுகிற தொட்டியின் வாயைக் கடக்கும்போது, கத்தரிக்கோல் மாதிரி நாலு வத்தலை வெட்டிவிட்டுப் போகிறது. உச்சியில் போய் விழுகிறபோது இன்னொரு நொறுங்கல். ஏறுகிறதே தவிர முழுசாக ஏறவில்லை.

நான் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். சரிவைக் குறைக்க இடம் இல்லை. சுவரை இடித்தால் பக்கத்துக் குடோன். மேஜையைத் தாழ்த்தினால் திரும்பவும் தரை. அதே நேரம், "ஓடுமா?" என்று அன்றைக்குக் கேட்ட பேச்சியம்மா எதிரே வந்து நிற்கிறார்.

வெளியே இன்னொரு லாரி வந்து நின்றது. காசி லோடு இறக்குகிறார். எங்கள் பக்கத்துக் குடோன்களில் வாசலில் லாரித் தட்டு உயரத்துக்கு ஒரு மேடை இருக்கும். லாரியிலிருந்து மூட்டையை மேடைக்கு இழுப்பார்கள், மேடையிலிருந்து முதுகில் ஏற்றிப் படி இறங்கி, உள்ளே தரையில் போடுவார்கள். காசி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் மெதுவாகச் சாய்த்தார். முகத்தைத் துடைத்தார்.

"சிஸ்டரு, ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"நான் மேல இருந்து கீழ எறக்குறேன். ஒங்க மிஷினு கீழ இருந்து மேல ஏத்துது. பேசாம எனக்கும் அதுக்கும் கல்யாணம் பண்ணி வச்சிருங்க. நாள் பூரா சண்ட போட்டுக்கிட்டே குடும்பம் நடத்துவோம்."

குடோனே சிரித்தது. செல்வம் அண்ணன் சிரித்தார். கோபத்தில் இருந்த அண்ணாச்சிகூடச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுந்து ஓடினேன். டேப்பை எடுத்து மேடையின் உயரத்தை அளந்தேன். உள்ளே ஓடிவந்து மேஜையின் உயரத்தை அளந்தேன். மேடை ஒரு சாண் அதிகம்!

"அண்ணே, ஏத்தவே வேண்டாம்ணே!" என்று கத்தினேன். "வத்தல் வரும்போதே மேலதான் இருக்கு. நாமதான் அதைக் கீழ எறக்கிப் போட்டு, எப்படி மேல ஏத்துறதுன்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டு இருக்கோம். மேடையிலயே மூட்டையப் பிரிப்போம். மேடையில இருந்து பெல்ட் நேரா உள்ள போகட்டும். சமமா. பெல்ட்டே மேஜை. ரெண்டு பக்கமும் இவுக ஒக்காந்து பொறுக்கட்டும். கடைசியில சாக்கு. வத்தல் எங்கயும் ஏறாது, எங்கயும் விழாது!"

காசி முந்திக்கொண்டார். "அப்ப எனக்குக் கல்யாணம் கெடையாதா?"

"ஒமக்கு முதுகு மிஞ்சுது, போதும்" என்றார் பேச்சியம்மா.

அண்ணாச்சி கீழே இருந்து ஏற்றவேண்டும் என்று முதல் நாள் சொன்னார். நானும் ஏற்றுகிற மிஷின்களை மட்டுமே வரிசையாகப் பார்த்தேன். எலிவேட்டரா, ஸ்க்ரூவா, பெல்ட்டா என்று கேட்டேனே தவிர, ஏன் ஏற்றவேண்டும் என்று கேட்கவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டவள் அந்த ஒரு கேள்வியை விட்டுவிட்டேன்.

செல்வம் அண்ணன் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நீ சொல்றது புரியுது எஸ்தரு. நாளை ஒரு நாள்ல எப்படி முடியும்கிறதுதான் புரியல." சொல்லிக்கொண்டே பெல்ட்டின் காலை அறுக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல வெல்டர் வாய் முடியாது என்று சொல்லும்போதே கை ஆரம்பித்திருக்கும்.

7. எல்லாரும் தும்மிய டிரையல்

வெள்ளிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. பெல்ட்டின் கால்களை அறுத்துச் சமமாக்கி, மேடையோடு சேர்த்தாயிற்று. ஒட்டிய கிளீட்டையெல்லாம் பிய்த்து எடுத்தாயிற்று. கடைசி முனையில் வத்தல் பொத்தென்று விழாமல் வழுக்கி இறங்க ஒரு சரிவுத் தகடு. பக்கவாட்டில் பெண்கள் உட்கார உயரமான பெஞ்சு.

டிரையலுக்கு முன்னால் ஒரு உத்தரவு போட்டேன். குடோனில் இருக்கிற குடம், சொம்பு, வாளி, தண்ணி பாட்டில் அத்தனையும் ஷட்டருக்கு வெளியே.

"எங்க மேல நம்பிக்கை இல்லையா தாயி?" என்றார் பேச்சியம்மா.

"ஒங்க பாசத்து மேலதான் பயமா இருக்கு."

வெயிலில் கிடந்து கலகலவென்று சத்தம் போடுகிற வத்தலையே எடுத்துக்கொண்டோம். காசி மேடையில் மூட்டையைப் பிரித்துச் சாய்த்தார். சுவிட்ச். பெல்ட் நகர்ந்தது. வத்தல் அசையாமல் படுத்துக்கொண்டு, ரயிலில் மேல் பெர்த்தில் தூங்குகிறவர் மாதிரி போனது. பெண்கள் கைகள் அதன் மேல் பறந்தன. வெளுத்தது இந்தப் பக்கம், காம்பு அந்தப் பக்கம். கடைசித் தகட்டில் வழுக்கிச் சாக்குக்குள் போனது. கீழே குனிந்து பார்த்தேன். விதை இல்லையென்று பொய் சொல்லமாட்டேன். நாலு இருந்தது. ஒரு கோழிக்குப் பத்தாது.

அப்புறம் முதல் தும்மல் அண்ணாச்சியிடமிருந்து. அடுத்தது செல்வம் அண்ணன். அப்புறம் குடோன் மொத்தமும். தும்மிக்கொண்டே சிரிக்கிறோம், சிரித்துக்கொண்டே அழுகிறோம். பேச்சியம்மா குலவை போட வாயெடுத்து, குலவை பாதி தும்மல் பாதியாக ஒரு சத்தம் வந்தது பாருங்கள், அதற்கு இன்னும் யாரும் பெயர் வைக்கவில்லை. (கொண்டாட்டம் அன்றைக்கு மட்டும்தான். காய்ந்த வத்தலின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. சனிக்கிழமை விடியும் முன்பே மேடைப் பக்கம் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடியது, ஆளுக்கு ஒரு மாஸ்க்கும் கொடுத்தாயிற்று. இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளே, இதை மிஷினோடு சேர்த்தே கொட்டேஷனில் எழுதுங்கள். அப்புறம் கேட்டால் யாரும் வாங்கமாட்டார்கள்.)

சனிக்கிழமை கொச்சிக்காரர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரு வத்தலை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டினார். உள்ளே விதை கலகலத்தது. ஈரம் பார்க்கிற மீட்டரை மூட்டைக்குள் சொருகிப் பார்த்தார். பெல்ட்டுக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "எஸ்தரு, ஸ்பீடக் கூட்டும்மா. நம்ம மிஷினு எம்புட்டு வேகம்னு பாக்கட்டும்." நான் கை வைப்பதற்குள் அவரே போய்ச் சுவரில் மாட்டியிருந்த ஸ்பீடு பாக்ஸைத் திருகினார். வத்தல் பறந்தது. பெண்கள் கை எட்டவில்லை. வெளுத்ததும் காம்பும் சேர்ந்து சாக்குக்குள் போகிறது. கொச்சிக்காரர் சாக்கின் பக்கம் திரும்பினார். எவ்வளவு தூரம் வந்து எங்கே கவிழப்போகிறது!

பேச்சியம்மா பெஞ்சிலிருந்து இறங்கினார். நேராகப் போய் ஸ்பீடு பாக்ஸின் திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினார். இடுப்பில் கை.

"அண்ணாச்சி, இவுக மிஷினு ஓடுறதப் பாக்கவா வந்திருக்காக? வத்தலப் பாக்க வந்திருக்காக. எங்க கை ஓடுற வேகத்துக்குத்தான் அது ஓடணும்."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அதற்குள் கொச்சிக்காரர் முதல்முறையாகச் சிரித்தார். "சேச்சி பறஞ்ஞது செரியா" என்றார், அக்கா சொன்னதுதான் சரி என்று மலையாளத்தில். வேகமாக ஓடியபோது நிறைந்த சாக்கைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டு, அதற்கு அடுத்த சாக்கின் வாயைக் கையால் விலக்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அண்ணாச்சியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்று சாயங்காலமே செல்வம் அண்ணன் ஸ்பீடு பாக்ஸைச் சுவரிலிருந்து கழற்றிப் பேச்சியம்மாவின் பெஞ்சுக்குப் பக்கத்தில் மாட்டினார். அண்ணாச்சியே ஸ்க்ரூவை எடுத்து நீட்டினார்.

8. கார்த்திகை மாதம் வந்த போன்

இப்போது எனக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் உண்டு. புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது மூன்று விஷயம். பார்ட்டி எந்த கன்வேயர் நல்லது என்று கேட்டால் உடனே பதில் சொல்லாதீர்கள். சரக்கு எங்கே பிறந்து எங்கே போகிறது என்று அதன் பின்னாலேயே நடந்து பாருங்கள். சில நேரம் அதற்கு மிஷினே வேண்டியிருக்காது, குறுக்கே நிற்கிற நம்மை விலக்கினால் போதும். இரண்டாவது, டிரையலுக்கு நல்ல சரக்கைக் கேட்காதீர்கள். உள்ளதிலேயே முரட்டுச் சரக்கைக் கேளுங்கள். மூன்றாவது, மிஷின் பக்கத்தில் உட்காரப்போகிறவர் கைக்கு எட்டுகிற இடத்தில் ஸ்பீடு பாக்ஸை வையுங்கள்.

கொச்சி ஆர்டர் கிடைத்த அதே வருடம் கார்த்திகையில் நல்ல மழை. பட்டறைக் கூரையில் சத்தம் காதைக் கிழித்தது. போன் அடித்தது. பேச்சியம்மா. மழை ஈரத்தில் மோட்டார் போயிருக்கும், பெல்ட் இழுத்திருக்கும் என்று மனசு ஓடியது.

"யக்கா, என்ன ஆச்சு? பெல்ட் நின்னுருச்சா?"

"ஒன்னும் ஆகல தாயி. இந்தா கேளு."

போனைப் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார் போல. ரோலர் சுற்றுகிற சத்தம், மழைச் சத்தம், பெண்கள் பேசிச் சிரிக்கிற சத்தம், யாரோ ஒருத்தி தும்முகிற சத்தம். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"கேட்டுச்சா?" என்றார் பேச்சியம்மா. "கார்த்திகை வந்தும் நிக்கல தாயி. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."